கொழும்பில் 10 மணி நேர ட்ரான்சிட்: கட்டுநாயக்கவில் இறங்கி நீர்கொழும்பு போய்வரலாமா?

காவிரிக்கரை:
திருச்சி–கொழும்பு–மெல்பர்ன், ஒரே டிக்கெட். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் மதியம் 1.40க்கு இறங்குகிறோம், அடுத்த விமானம் இரவு 11.50க்கு. மூன்று பேர். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். மூவரும் இந்திய பாஸ்போர்ட். உள்ளேயே உட்கார்ந்திருப்பதா, கொழும்பு போவதா, பக்கத்துக் கடற்கரை ஊரான நீர்கொழும்பு போவதா? விசா, பெட்டி, வண்டி, சாப்பாடு எல்லாவற்றையும் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிஎன்ஆர் பாண்டி:
முதலில் டிக்கெட்டைச் சரிபாருங்கள். ஒரே பிஎன்ஆர் (முன்பதிவு எண்) என்றால், திருச்சியில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக மெல்பர்னின் குறியீடான எம்இஎல் என்று இருக்க வேண்டும். கொழும்பின் குறியீடான சிஎம்பி என்று மட்டும் இருந்தால் பெட்டி கொழும்போடு நின்றுவிடும். கவுன்டரை விட்டு நகரும் முன்பே அந்தச் சீட்டைப் படித்துவிடுங்கள், வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. இரண்டாவது போர்டிங் பாஸையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் இரவு திரும்பும்போது செக்-இன் வரிசையில் நிற்கிற வேலை மிச்சம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட் என்றால் கதையே வேறு. குடிவரவு (இமிக்ரேஷன்) தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானக்காரர் பொறுப்பேற்க மாட்டார். அப்படிப்பட்டவர்கள் 10 மணி நேரத்தை ஊர் சுற்றும் நேரமாகக் கணக்குப் போடாதீர்கள்.

விசாவுக்கு வருவோம். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தால் எதுவும் வேண்டாம். வாசலைத் தாண்டினால் ஈடிஏ (ஆன்லைனில் வாங்கும் பயண அனுமதி) வேண்டும். 2 நாள் வரையான ட்ரான்சிட் ஈடிஏவுக்குக் கட்டணம் இல்லை என்பது நெடுநாள் நடைமுறை, ஆனால் இலவசம் என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருக்க முடியாது. 2024இல் மட்டும் இந்த விசா ஏற்பாடு இரண்டு மூன்று முறை புரண்டது. அதனால் பழைய யூடியூப் வீடியோவை நம்பாமல், புறப்படும் வாரம் அரசுத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேடினால் மேலே வருவதில் பாதி ஏஜென்ட் தளங்கள்தான். இலங்கைக் கொடி, சின்னம் எல்லாம் போட்டு 'சேவைக் கட்டணம்' வாங்குவார்கள். உண்மையான முகவரி 'ஜிஓவி டாட் எல்கே' என்று முடியும்.

படிவத்தில் நம் ஊர்க்காரர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருப்பவர்கள் இன்ஷியலைக் கொண்டுபோய் அங்கே நிரப்புகிறார்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே இருக்கட்டும். இன்னொன்று பாஸ்போர்ட் எண். முதல் எழுத்துக்குப் பின் வருவதெல்லாம் இலக்கம், அங்கே பூஜ்யத்துக்குப் பதில் ஓ போட்டால் அது வேறு ஆளின் ஈடிஏ ஆகிவிடும். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

கொள்ளுப்பிட்டி:
10 மணி நேரம் இருக்கும்போது எதற்கு நீர்கொழும்பு? 2013இல் எக்ஸ்பிரஸ்வே திறந்த பிறகு கொழும்பின் விளிம்பிலுள்ள பேலியகொட வரை 25 கிலோமீட்டர் சொச்சம், அரை மணி நேரம்தான். கங்காராமை விகாரை, காலி முகத்திடல், கடற்கரையில் இறால் வடை, கடைத்தெரு என்று ஒரு தலைநகரத்தையே பார்த்துவிடலாம். விமான நிலையத்திலிருந்து கொழும்பின் கோட்டைப் பகுதிக்கு 187ஆம் நம்பர் பஸ்கூட உண்டு.

களப்புக்காரன்:
கொள்ளுப்பிட்டி சொல்லுற அரை மணித்தியாலம் பேலியகொட வரைக்கும்தான். அதுக்குப் பிறகு நகரத்துக்குள்ள போற நேரத்தை அவர் சொல்லேல்லை. இவையள் வெளியில வர பின்னேரம் 3 மணியாகும். கொழும்புக்குள்ள போய்ச் சேர 4. கந்தோர் (ஒஃபிஸ்) விடுற நேரம் 5 மணியிலிருந்து 7 மணி வரைக்கும் ரோட்டு நகராது, அந்த நெரிசலுக்குள்ளாலதான் திரும்பி வரவும் வேணும். வயசான அம்மாவோட அது தேவையில்லாத வேலை. காலமை 6 மணிக்கு இறங்கி இரவு போறவைக்குக் கொழும்பு சரி. மத்தியானம் இறங்கிறவைக்கு நீர்கொழும்புதான்.

பட்டணம் பத்துக் கிலோமீட்டருக்குள்ள. கடற்கரை விடுதிகள் இருக்கிற லூயிஸ் பிளேஸ், எத்துக்கால பக்கம் அதிலயிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கை. ஏ3 ரோட்டாலதான் போகவேணும், எக்ஸ்பிரஸ்வே அந்தப் பக்கம் இல்லை. அதால 'ஹைவே காசு' எண்டு ஆரும் மேலதிகமாகக் கேட்டால் குடுக்க வேண்டாம். அது கொழும்புக்குப் போறவைக்கு.

சுருக்குப்பை:
நேரக் கணக்கை இரவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 11.50 விமானம் என்றால் 8.50க்கு டெர்மினல் வாசலில் இருக்க வேண்டும். மூன்று மணி நேரமா என்று நினைக்காதீர்கள். கட்டுநாயக்கவில் புறப்பாட்டுக் கட்டடத்துக்குள் நுழையும்போதே பெட்டி, பை எல்லாம் ஸ்கேன். பிறகு குடியகல்வு. கடைசியில் கேட் அறைக்குள் போகும்போது செருப்பு, பெல்ட் கழற்றி இன்னொரு சோதனை. உள்ளே கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் அந்த இரண்டாவது சோதனையில்தான் போகும், அதனால் வாங்கியதைக் கேட் வாசலிலேயே குடித்து முடித்துவிட வேண்டும். நள்ளிரவை ஒட்டி நிறைய விமானங்கள் கிளம்புவதால் 9 முதல் 11 வரை எல்லா வரிசையும் நீளம்.

முன்பக்கம் 1.40க்கு இறங்கினால் வெளியே வர 2.40. ஆக 10 மணி 10 நிமிடத்தில் உங்கள் கைக்கு வருவது 6 மணி நேரம், அதிலும் போக வர ஒரு மணி நேரம் போய்விடும். 5 மணி நேரத்துக்குத் திட்டம் போடுங்கள். 7 மணி நேரத்துக்குக் குறைந்த ட்ரான்சிட்டில் வெளியே போவதே வீண் என்பேன். ஈடிஏ, வரிசை, வண்டி என்று அலைந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்கு உள்ளேயே கால் நீட்டிப் படுக்கலாம்.

அம்மாவுக்கு வீல்சேர் கேளுங்கள். புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் இரண்டு பயணத்துக்கும் பதிவு செய்ய வேண்டும். இறங்கும்போது கதவிலிருந்து வெளிவாசல் வரை தள்ளிவந்து விடுவார்கள், அங்கே அந்தச் சேவை முடிந்துவிடும். இரவு திரும்பும்போது தானாக வராது. நுழைந்ததும் விமான நிறுவனக் கவுன்டரில் போய்ச் சொல்லி, ஆள் வர 15–20 நிமிடம் காத்திருக்க வேண்டும். இதையும் நேரக் கணக்கில் சேருங்கள்.

காவிரிக்கரை:
கணக்குப் புரிந்தது அக்கா, மிக்க நன்றி. அப்படியானால் நீர்கொழும்புதான். வண்டி, சிம், பணம் பற்றி யாராவது?

பிஎன்ஆர் பாண்டி:
குடிவரவு தாண்டியதும் டூட்டி ஃப்ரீ வரும். வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து வழி தவறிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பும் இலங்கையருக்காக வைத்திருக்கும் கடைகள் அவை. பெட்டி மெல்பர்னுக்குப் போய்விட்டதால் பெல்ட் பக்கம் நிற்காமல் நேராக வாருங்கள். வருகை மண்டபத்திலேயே வங்கிக் கவுன்டர்கள் உண்டு. வண்டி, சாப்பாடு, தேநீர் எல்லாவற்றுக்கும் வேண்டிய பணத்தை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மீதியைத் திருப்பி மாற்ற உதவும். அங்கேயும் ரூபாய் என்றுதான் சொல்வார்கள், அது இலங்கை ரூபாய். விலை கேட்டதும் மிரளாதீர்கள்.

சிம் மூன்று பேருக்கும் வேண்டாம், ஒருவர் டயலாக் அல்லது மொபிடெல்லில் சிறிய டேட்டா பேக் போட்டால் போதும். இந்திய சிம்மைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டு, கார்டு தேய்க்கும்போது ஓடிபி வரவில்லை என்று திண்டாடுகிறவர்கள் அதிகம். இரண்டு சிம் போன் என்றால் இந்திய சிம்மை ரோமிங்கில் விட்டு டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று, கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

களப்புக்காரன்:
வாகனத்துக்கு இரண்டு வழி. பிக்மீ, ஊபர் இரண்டு செயலியும் வேலை செய்யும். வாடகை முன்னமே தெரியும், அது வசதி. சில சாரதிமார் வருகை வாசலுக்கு வராமல் வாகனத் தரிப்பிடத்துக்கு வரச் சொல்லுவினம், அம்மாவை வாசல்ல இருத்திப்போட்டு ஒரு ஆள் போய்க் கூட்டிக்கொண்டு வரலாம். ஓட்டோ வேணுமெண்டால் வெளி ரோட்டு மட்டும் நடக்கவேணும், இவைக்கு அது சரிவராது.

மற்றது, மண்டபத்தில இருக்கிற டாக்சி கவுன்டரில அஞ்சு மணித்தியாலத்துக்கு ஒரே காரைப் பேசுறது. அம்மாவோட போறபடியால் நான் இதைத்தான் சொல்லுவன். ஒவ்வொரு இடத்திலயும் இறங்கி வேற வாகனம் தேடத் தேவையில்லை, கைப்பைகளும் காருக்குள்ள கிடக்கும். காத்திருக்கிற காசும் பார்க்கிங்கும் சேர்த்தோ எண்டு கேட்டு, ரசீதில எழுதுவியுங்கோ. பாஸ்போர்ட்டை மட்டும் காருக்குள்ள விடாதீங்கோ.

தனி ஆள், கையில ஒரு பை மட்டும் எண்டால் கட்டுநாயக்கச் சந்திக்கு வந்து, ஏ3 ரோட்டில ஓடுற 240ஆம் நம்பர் கொழும்பு–நீர்கொழும்பு பஸ்ஸில ஏறலாம். மலிவு, ஆனால் நெரிசல்.

இடங்கள்: முதல்ல பிரதான வீதி புனித மரியாள் தேவாலயம். 1874இல் கட்டத் தொடங்கி 1922இல்தான் முடிஞ்சது. உள்ளே முகட்டு ஓவியங்களைப் பாக்கிறதுக்கு இருபது நிமிஷம், குளிர்ச்சியா ஒரு வாங்கில (பெஞ்சில) இருக்கவும் அம்மாவுக்குச் சுகம். நீர்கொழும்பைச் சின்ன ரோம் எண்டு ஏன் சொல்லுறவை எண்டு ரோட்டோரச் சிலைகளைப் பார்க்கவே விளங்கும். அடுத்தது ஒல்லாந்தர் கோட்டை. அதுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல குடுக்காதீங்கோ. 1678 எண்டு பொறிச்ச வாசல் மட்டும்தான் பார்க்கலாம், உள்ளுக்கு இப்ப சிறைச்சாலை. 'கோட்டை' எண்டு வழிகாட்டிப் புத்தகத்தில படிச்சுப்போட்டு வந்து ஏமாறுற ஆக்கள் கனபேர்.

பிறகு கடற்தெரு. முத்துமாரியம்மன், சித்தி விநாயகர், சிங்கம காளியம்மன் எண்டு மூண்டு கோயில் ஒரே தெருவில. நடுப்பகலில நடை சாத்தியிருக்கும், பின்னேரம் 5 மணியளவில திறப்பினம், அதால இதைத் தேவாலயத்துக்குப் பிறகு வையுங்கோ. காளாஞ்சி (பிரசாதம்), அர்ச்சனை எல்லாம் தமிழில கேக்கலாம். ஆம்பிளையள் உள்வீதிக்குப் போக மேற்சட்டையைக் கழட்டவேணும்.

அங்கயிருந்து கடற்கரை. சூரியன் மறையிறது வருஷம் முழுக்க ஏறக்குறைய 5.45க்கும் 6.30க்கும் இடையில. மணலுக்குள்ள அம்மாவை நடத்தாதீங்கோ. லூயிஸ் பிளேஸ், போருதொட்ட வீதிப் பக்கம் கடலைப் பார்த்த விறாந்தையுள்ள சாப்பாட்டுக்கடை ஒண்டில இருந்தால் அப்பிடியே இராச்சாப்பாட்டையும் முடிச்சுப்போட்டு 8 மணிக்கு வெளிக்கிடலாம்.

கொள்ளுப்பிட்டி:
சரி, ஒப்புக்கொள்கிறேன், மதிய இறக்கத்துக்குக் கொழும்பு இறுக்கம்தான். ஆனால் டச்சுக் கால்வாயில் படகுச் சவாரியை விட்டுவிட்டீர்களே? ஒல்லாந்தர் வெட்டியது, கொழும்பிலிருந்து புத்தளம் வரை போகும்.

களப்புக்காரன்:
எல்லாத்தையும் ஒல்லாந்தர் கணக்கில எழுதிறது வழமையாப் போச்சு. கொழும்புப் பக்கமிருந்து நீர்கொழும்புக் களப்பு (கடற்கழி) வரைக்கும் வாற துண்டு ஹாமில்டன் கால்வாய், 1802க்கும் 1804க்கும் இடையில வெள்ளைக்காரன் வெட்டினது. பட்டணத்துக்குள்ளால வடக்கை போறதுதான் ஒல்லாந்தர் காலத்தது. படகு நல்லம்தான், ஆனால் தாழ்ந்த படகுக்குள்ள ஏறி இறங்கிறது முழங்கால் வலிக்காரருக்குக் கஷ்டம். ஒக்டோபர், நவம்பரில பின்னேரங்களில இடி மின்னலோட மழை, அந்த நேரம் தண்ணியில நிக்கவே கூடாது.

இன்னொண்டு. விடுதிப் பொடியள் 'கட்டமரான் ரைட்' எண்டு கூப்பிடுவினம். அது எங்கட கட்டுமரம் இல்லை. ஒரு பக்கம் மிதப்புக்கட்டை பூட்டின பாய்த்தோணி, சிங்களத்தில 'ஒருவ'. தமிழ்ச் சொல்லை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய், இப்ப அதையே எங்களுக்கு விக்கினம்.

இடியாப்பம்:
சாப்பாட்டு விஷயம் யாரும் சரியாகச் சொல்லவில்லை. இலங்கையில் சோறு–கறி மதியத்துக்கானது. 2.30க்கு மேல் போனால் நல்ல கறிகள் தீர்ந்து சட்டி அடியைத்தான் சுரண்டிப் போடுவார்கள். அதனால் விமானத்தில் தருவதைச் சாப்பிட்டு இறங்குங்கள். 3.30க்கு ஒரு பேக்கரியில் ஷார்ட் ஈட்ஸ்: ரோல்ஸ், மீன் கட்லட், மாலு பாண், முட்டை ரொட்டி. ஒரு தட்டு நிறைய கொண்டுவந்து வைப்பார்கள், எல்லாவற்றையும் தின்னக் கட்டாயமில்லை, எடுத்ததற்கு மட்டும் காசு. மாலு பாண் என்றால் மீன் வைத்த பன், பெயரைப் பார்த்துச் சைவம் என்று எடுத்துவிடாதீர்கள். சைவக்காரர்கள் 'மரக்கறி' என்று கேட்க வேண்டும். அப்போதும் தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாடு இடித்துப் போட்டிருக்கும். 'மாசி போடாத சம்பலா?' என்று தனியாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி கேட்காமல் தவறியவர்கள்தான் அதிகம்.

கொத்து ரொட்டியும் ஆப்பமும் மாலைக்கு மேல்தான். தகரத்தில் தகடு தட்டும் சத்தம் கேட்டால் கடை சூடாகிவிட்டது என்று அர்த்தம். அசைவம் என்றால் நீர்கொழும்பில் நண்டும் இறாலும். விலை எடைக்கா, ஆளுக்கா என்று கேட்டு, நண்டை எடை போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். நண்டுக் கறி வர முக்கால் மணி நேரம் ஆகும். 7.15க்கு ஆர்டர் கொடுத்துவிட்டு 8 மணிக்குக் கிளம்ப நினைத்தால் நண்டு பார்சலில்தான் வரும். கடற்கரைக்கு வந்த உடனே, சூரியன் மறையும் முன்பே ஆர்டரைச் சொல்லிவிடுங்கள். நீண்ட விமானத்துக்கு முன் இலங்கைக் காரம் வேண்டாம் என்றால் பாலாப்பமும் பருப்பும் போதும்.

பௌர்ணமி அன்று போயா விடுமுறை. மது விற்க மாட்டார்கள், பல கடைகள் மூடியிருக்கும். புத்தர் பண்டிகையான வெசாக் என்றால் ரோடு முழுக்கப் பந்தலும் கூட்டமும், திரும்பும் நேரத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சுருக்குப்பை:
குளித்துவிட்டு ஏற விரும்பினால் கடற்கரை விடுதிகளில் 'டே யூஸ்' அறை, அதாவது இரவு தங்காமல் சில மணி நேரத்துக்கு மட்டும் அறை, கேளுங்கள். முன்னிரவு வரை தருவார்களா, மூன்று பேருக்கும் துண்டு உண்டா, கீழ்த்தள அறையா என்ற மூன்று கேள்வி போதும். பெரும்பாலான சிறு விடுதிகளில் லிஃப்ட் கிடையாது, அம்மாவுக்குக் கீழ்த்தளம்தான். கைப்பையில் மாற்றுடுப்பு, மருந்து, கழற்ற எளிதான செருப்பு. ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. கடலில் குளிக்க வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் அலை முரடு, சிவப்புக் கொடி ஏற்றியிருப்பார்கள்.

முதல் விமானம் தாமதமானால் எதை விடுவது என்றும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் கோட்டையையும் தேவாலயத்தையும் விடுங்கள். இரண்டு மணி நேரம் என்றால் நேராகக் கடற்கரை, சாப்பாடு, திரும்புதல். மூன்றைத் தாண்டினால் வெளியே வராதீர்கள்.

தெற்குத் துருவம்:
மெல்பர்ன் பக்கத்துக் கதையைச் சேர்க்கிறேன், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நீர்கொழும்பில் கருவாடு மலிவு, மணலில் தென்னோலைப் பாய் விரித்துக் காயப் போட்டிருப்பதைப் பார்த்தால் கை அரிக்கும். கருவாடு, கறுவாப்பட்டை, தேயிலை, கோயில் பிரசாதம், பூ எதுவானாலும் ஆஸ்திரேலிய வருகை அட்டையில் உணவுப் பொருள், தாவரப் பொருள் கேள்விகளுக்கு 'ஆம்' போடுங்கள். 'ஆம்' போட்டு அதிகாரியிடம் காட்டினால், மோசமானால் பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். 'இல்லை' போட்டுப் பையில் இருந்தால் அபராதம், விசாவுக்கே வினை வரலாம். கோயிலில் வாங்கிய பூவையும் வில்வத்தையும் காரிலேயே விட்டுவிடுங்கள். தேயிலை கடைச் சீல் உடையாத பாக்கெட்டாக இருக்கட்டும்.

பெட்டி முன்னாலேயே போய்விட்டது என்பதை மறக்காதீர்கள், வாங்குவதெல்லாம் கைப்பையில்தான். கித்துள் (கூந்தற்பனை) பாணி திரவம், 100 மில்லிக்கு மேல் போனால் சோதனையில் போய்விடும். அதே கித்துள் கருப்பட்டி கட்டியாக இருக்கும், அதற்குத் திரவத் தடை இல்லை. மண்சட்டித் தயிரைத் தொடவே வேண்டாம்.

பாலைக்காற்று:
இதே இழையில் கேட்கிறேன். மதுரையிலிருந்து வந்து காலை 5.30க்கு இறங்கி, மாலை 4க்கு வளைகுடா போகும் விமானம் என்றால் இதே திட்டமா?

களப்புக்காரன்:
இல்லை, உங்களுக்கு வேற. 6.30க்கு வெளியில வந்தால் நேரா களப்பு வாயிலுக்குக் கிட்ட இருக்கிற மீன் சந்தைக்குப் போங்கோ, 'லெல்லம' எண்டு கேட்டால் ஆரும் காட்டுவினம். ஏலம் விடியப்புறமே துவங்கி 8 மணிக்குள்ள அடங்கியிடும். ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க மீனவர் கடலுக்குப் போகாயினம், அண்டைக்குப் போய்ப் பிரயோசனமில்லை. தரை முழுக்க மீன்தண்ணி, வெள்ளைச் சப்பாத்தோட போகாதீங்கோ. கருவாட்டுக்கு மீனை உப்புத்தண்ணியில ஊறவைச்சு இரண்டு மூண்டு நாள் காயவிடுறதையும் பக்கத்துக் கடற்கரையிலயே பாக்கலாம்.

அதுக்குப் பிறகு தெற்கை முத்துராஜவெல சதுப்பு நிலம். போபிட்டியவில படகு ஏறலாம், இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். காலமை எண்டால் மீன்கொத்தி, நீர்க்காகம், கபரகொய்யா (நீர் உடும்பு) எல்லாம் பாக்கலாம். வெயில் ஏறினால் பறவை எல்லாம் மரத்துக்குள்ள ஒளிச்சுக்கொள்ளும், அதால 9 மணிக்குள்ள படகில ஏறப்பாருங்கோ. மதியச் சோறு–கறி 12 மணிக்குச் சட்டி நிறைய இருக்கும், இடியாப்பம் சொன்ன சிக்கல் உங்களுக்கு இல்லை. 1 மணிக்கு டெர்மினலில நிக்கலாம்.

காவிரிக்கரை:
எழுதிக்கொண்டேன். 2.40 வெளியே, 3.30 ஷார்ட் ஈட்ஸ், 4 மணிக்குத் தேவாலயம், 5க்குக் கடற்தெரு, 5.45க்குக் கடற்கரை, உடனே ஆர்டர், 8க்குக் கார். வீல்சேர் இரண்டு பயணத்துக்கும் இன்று பதிவு செய்துவிட்டேன். களப்புக்காரன் அண்ணா, அந்த நேரத்தில் தேவாலயம் திறந்திருக்குமா?

களப்புக்காரன்:
சாதாரண நாளில திறந்திருக்கும். சனிக்கிழமை பின்னேரம் கலியாணம் நடந்தால் மட்டும் உள்ளுக்குப் போகாமல் வாசல்ல நிண்டு பாருங்கோ. முழங்காலுக்கு மேல தெரியிற உடுப்பு வேண்டாம். வாசல்ல சில படி இருக்கு தம்பி, அம்மாவைப் பக்கக் கதவால கூட்டிக்கொண்டு போக ஏலுமோ எண்டு அங்க நிக்கிற ஆக்களிட்டக் கேளுங்கோ.